தோற்ற வாக்கும் எழுதிய பக்கமும்: ஹேக்கில் வீரமந்திரியின் ஒன்பது ஆண்டுகள்

ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் இயங்கும் ஹேக் நகரின் அமைதி அரண்மனையில் வாய்மொழி வாதம் முடிந்து, இரு நாட்டு வழக்கறிஞர்களும் கட்டுகளை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் நீதிபதியின் எழுத்து வேலை தொடங்குகிறது. முடிவுசெய்ய வேண்டிய கேள்விகள் இவை என்று தலைவர் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விடுவார். நீதிபதிகள் ஒருமுறை கூடிப் பேசிக் கலைவார்கள். அடுத்து வருவது தனிமையான சில வாரங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தன் விடை என்ன, எந்த ஆதாரத்தில் அந்த விடை என்று ஒவ்வொருவரும் ‘குறிப்பு’ ஒன்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் பிரெஞ்சிலும், பிரெஞ்சில் எழுதினால் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு அது எல்லோர் மேசைக்கும் போகும். நீதிமன்றச் சுவரைத் தாண்டாது.

குறிப்புகளைப் படித்த பின் கூடும் கூட்டத்தில் பணிமூப்பில் கடைசியில் இருப்பவர் முதலில் பேசுவார். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார் என்ற எச்சரிக்கைதான் காரணம். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் இரகசிய வாக்கில் இருவரைத் தேர்ந்து வரைவுக் குழு அமைப்பார்கள். தலைவரும் பெரும்பான்மையோடு இருந்தால் மூன்றாவது ஆள் அவர். வரைவுக்கு எழுத்தில் திருத்தங்கள் வரும். பிறகு முதல் வாசிப்பு, பத்தி பத்தியாக. பிறகு இரண்டாம் வாசிப்பு. அது முடிந்ததும் வாக்கு, அதுவும் இளையவரிலிருந்து. 1976இல் நீதிமன்றம் தனக்கென்று வகுத்துக்கொண்ட உள்நடைமுறைத் தீர்மானத்தின் சாரம் இதுதான்.

இந்த ஒழுங்கில் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதிக்கு என்ன வேலை? எதிராகக் கைதூக்கிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். சில வரிகளில் ஒரு அறிவிப்பைச் சேர்க்கலாம். முடிவு சரி, காரணம் வேறு என்றால் தனிக் கருத்துரை. முடிவே தவறு என்றால் எதிர்க் கருத்துரை. நீதிமன்றச் சட்டவிதியின் 57ஆம் உறுப்பு இந்த உரிமையைத் தருகிறது. 1991 பிப்ரவரியிலிருந்து 2000 பிப்ரவரி வரை அங்கே அமர்ந்த இலங்கையர் கிறிஸ்டோபர் கிரகரி வீரமந்திரி இந்த உரிமையைப் பயன்படுத்திய அளவுக்கு அந்தக் காலத்தில் பயன்படுத்தியவர்கள் குறைவு. வாக்கில் தோற்ற வழக்குகளில்தான் அவர் உழைப்பு அதிகம் தெரிகிறது. அந்தப் பக்கங்கள் எப்படிக் கட்டப்பட்டன, பிறகு எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்ப்பது, நீதிபதியின் தொழில் என்ன என்பதை எந்தப் பாராட்டுரையையும்விடத் தெளிவாகக் காட்டும்.

அவருடைய பழக்கம் கொழும்பில் உருவானது. 1926 நவம்பரில் பிறந்தவர், 1948இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்து பதினேழு ஆண்டுகள் தொழில் செய்தார். 1965இலிருந்து பெருங்குற்ற வழக்குகளை விசாரிக்கும் அசைஸ் ஆணையர். 1967இலிருந்து 1972 வரை உச்ச நீதிமன்ற நீதியரசர் (இலங்கைத் தமிழில் அதை உயர் நீதிமன்றம் என்பார்கள்; தமிழ்நாட்டு வாசகர் குழம்ப வேண்டாம்). இலங்கையில் ஒப்பந்தச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞருக்கு ஒரே சட்டப் புத்தகம் போதாது. பொதுச் சட்டம் ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன் டச்சுச் சட்டம். அதற்கு மேல் ஆங்கில வணிகச் சட்டம் படிந்திருக்கிறது. அதன் பக்கத்தில் கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், 1707இல் டச்சு ஆளுநரின் கட்டளைப்படி எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை. நிலத்தை ஒற்றி வைத்தால் வட்டிக்குப் பதில் விளைச்சல் யாருக்கு என்று தேசவழமை ஒன்று சொல்லும், ஆங்கில அடமானச் சட்டம் வேறொன்று சொல்லும். 1967இல் வீரமந்திரி வெளியிட்ட ஒப்பந்தச் சட்ட நூல் இந்த அடுக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதப்பட்டது. தன் ஊர்ச் சட்டத்தை அறிய வேண்டுமானால் நான்கு ஊர்ச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருக்குக் கொள்கையாக வந்ததல்ல. அன்றாட வேலையாக வந்தது. பிற்காலத்தில் ஹேக்கில் சீனம், இஸ்லாம், ஆப்பிரிக்கா என்று அவர் மேற்கோள் எடுத்ததை ஆடம்பரம் என்று நினைத்தவர்கள் இந்தப் பின்னணியைக் கணக்கில் எடுக்கவில்லை.

1972இல் நீதியரசர் பதவியை விட்டு மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பத்தொன்பது ஆண்டுகள் பேராசிரியர். இஸ்லாமியச் சட்டவியல் பற்றிய நூல் 1988இல் வந்தது. அந்த ஆண்டுகளில் அவரைச் சர்வதேசச் சட்டத்தின் நடுக்களத்துக்கு இழுத்தது நவுரு.

நவுரு 21 சதுர கிலோமீட்டர் தீவு. நடுமேட்டில் பாஸ்பேட். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து அதை வெட்டி எடுத்தன. முதலில் ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் ஆணைப்படி, 1947க்குப் பின் ஐ.நா. அறங்காவல் முறையில். 1968இல் நாடு விடுதலை பெற்றபோது மேட்டின் ஒரு பகுதியில் மண்ணே இல்லை. கூரான பவளப்பாறைத் தூண்கள்தான் நின்றன. அவற்றுக்கிடையே நடக்கவும் முடியாது, நடவும் முடியாது. அந்த நிலத்தை மீட்டுத்தரும் பொறுப்பு யாருடையது என்று ஆராய நவுரு அரசு ஒரு விசாரணை ஆணைக்குழு அமைத்து வீரமந்திரியைத் தலைவராக்கியது. பழைய ஒப்பந்தங்கள், பாஸ்பேட் விலைக்கணக்கு, அறங்காவல் குழுக் கூட்டக் குறிப்புகள், மண்ணியல் சான்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து ஆணைக்குழு 1988இல் பல தொகுதி அறிக்கை தந்தது. மூன்று அரசுகளும் பொறுப்பு என்பது அதன் முடிவு. 1989 மே மாதம் நவுரு ஆஸ்திரேலியாவை ஹேக்கில் நிறுத்தியது.

இங்கே ஒரு தொழில் நுணுக்கம். அந்த வழக்கு நடக்கும்போதே வீரமந்திரி அந்த நீதிமன்றத்தின் நீதிபதியாகிவிட்டார். ஆனால் 17ஆம் உறுப்பு, முன்பு வழக்கறிஞராகவோ, வேறு நீதிமன்ற உறுப்பினராகவோ, விசாரணை ஆணைக்குழு உறுப்பினராகவோ கைவைத்த வழக்கில் நீதிபதி உட்காரக் கூடாது என்கிறது. விசாரணை ஆணைக்குழு என்ற சொல்லே அங்கே இருக்கிறது. உலகத்தில் அந்தக் கோப்பை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லாதபோதும் அவர் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. 1992 ஜூன் 26இல் வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 9க்கு 4 வாக்கில் நீதிமன்றம் முடிவுசெய்தது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா சமரசம் பேசி 107 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. 57 மில்லியன் முதலில், மீதி ஆண்டுக்கு இரண்டரை மில்லியனாக இருபது ஆண்டுக்கு. அவர் எழுதாத தீர்ப்பின் அடித்தளத்தில் அவர் சேர்த்த தாள்கள் கிடந்தன.

நவுருவில் ஆஸ்திரேலியா சொன்ன முக்கியமான வாதம் ஒன்று: நியூசிலாந்தும் பிரிட்டனும் இங்கே இல்லை, இல்லாதவர்கள் பொறுப்பைத் தீர்மானிக்காமல் எங்கள் பொறுப்பைத் தீர்மானிக்க முடியாது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து அதே வாதம் கிழக்குத் திமோர் வழக்கில் வந்தது. கிழக்குத் திமோரை அப்போது கைப்பற்றி வைத்திருந்த இந்தோனேசியாவுடன் 1989இல் திமோர் இடைவெளிக் கடல் எண்ணெய் ஒப்பந்தம் செய்ததற்காக ஆஸ்திரேலியாவை, அந்த மண்ணை முன்பு ஆண்ட போர்த்துக்கல் இழுத்தது. இந்தோனேசியா நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1995 ஜூன் 30இல் 14க்கு 2 என்று வழக்கு தள்ளுபடி. அந்த இருவரில் ஒருவர் வீரமந்திரி. அவர் செய்தது எளிய ஒரு பிரிப்பு. இந்தோனேசியா என்ன செய்தது என்பதை ஒதுக்கி வையுங்கள். ஆஸ்திரேலியா கையெழுத்திட்டது, ஒப்புறுதி செய்தது, உள்நாட்டுச் சட்டம் இயற்றியது. இவை மூன்றும் ஆஸ்திரேலியாவின் சொந்தக் கை வேலை. ஒரு மக்களின் தன்னுரிமையை மதிக்கும் கடமை ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகவே இருக்கிறதா, இருந்தால் இந்த மூன்று செயலும் அதை மீறினவா என்று கேட்கலாம் அல்லவா? பெரும்பான்மையை நம்பவைக்க முடியவில்லை. தன்னுரிமை எல்லா நாடுகளுக்கும் எதிராக நிலைக்கும் உரிமை என்பதை மட்டும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அது வேறு, அதிகார எல்லை வேறு என்றது. இன்றும் மாணவர்கள் இந்தப் பிரச்சினையைக் கற்க நவுருவையும் திமோரையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். படித்தவர்களுக்கு அந்த எதிர்க் கருத்துரையின் பிரிப்பு கத்தி போல உதவும்.

தோற்ற பக்கம் எப்படி வெல்லும் என்பதற்கு மிகத் தெளிவான வழக்கு இடைக்கால உத்தரவுகள் பற்றியது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் வழக்கின் பொருளே அழிந்துவிடாமல் இருக்க 41ஆம் உறுப்பு இடைக்கால நடவடிக்கை விதிக்க அதிகாரம் தருகிறது. ஆனால் ஆங்கில வாசகம் மென்மையானது: நீதிமன்றம் நடவடிக்கைகளைச் ‘சுட்டிக்காட்டலாம்’ என்கிறது. பிரெஞ்சு வாசகத்தில் ‘துவாவ்’ என்று கட்டாயத் தொனியுள்ள வினை நிற்கிறது. அப்படியானால் உத்தரவு கட்டளையா, வேண்டுகோளா? இந்த நீதிமன்றத்துக்கு முன்னோடியான நிரந்தர சர்வதேச நீதிமன்றம் ஹேக்கில் இருந்த காலத்திலிருந்தே இதற்கு விடை இல்லை. நீதிமன்றமும் விடை சொல்வதைத் தவிர்த்தே வந்தது.

1993 செப்டம்பர் 13இல் பொஸ்னியா இனப்படுகொலை வழக்கில் இரண்டாவது இடைக்கால உத்தரவு வந்தது. ஏப்ரலில் தந்த முதல் உத்தரவை உடனே செயல்படுத்துங்கள் என்று மீண்டும் சொல்ல வேண்டிய நிலை. வீரமந்திரி முடிவோடு உடன்பட்டார். ஆனால் தனிக் கருத்துரை எழுதி, விடையில்லாத கேள்வியை எடுத்துக்கொண்டார். உத்தரவு கட்டுப்படுத்தும் என்றார். அவர் வாதம் சொல்லகராதியில் தொடங்கவில்லை. வழக்குத் தரப்பினர் சமமாக நிற்க வேண்டும். ஒரு தரப்பு வழக்கு நடக்கும்போதே பொருளை அழிக்கலாம் என்றால் சமம் இல்லை. இறுதித் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்று ஏற்கிறோம்; அந்தத் தீர்ப்பை வெறும் காகிதமாக்கும் செயலைத் தடுக்க நீதிமன்றத்துக்கு வழியில்லை என்றால் முதல் ஏற்பு பொய்யாகிவிடும். அதிகாரத்தின் நோக்கத்திலிருந்து சொல்லுக்கு வந்தார்.

ஐந்து ஆண்டு கழித்து 1998 ஏப்ரல். பராகுவே நாட்டவர் ஒருவருக்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மரண தண்டனை நாள் குறித்தாகிவிட்டது. தூதரக உதவி பெறும் உரிமையைச் சொல்லவில்லை என்று பராகுவே 3ஆம் தேதி ஹேக்குக்கு வந்தது. 7ஆம் தேதி விசாரணை, 9ஆம் தேதி உத்தரவு. நீதிமன்றத் தலைவர் ஸ்டீபன் ஷ்வெபெல் அமெரிக்கர். விதிமுறைகளின் 32ஆம் விதிப்படி தன் நாடு தரப்பாக உள்ள வழக்கில் தலைவர் தலைமை வகிக்கக் கூடாது, நீதிபதியாக உட்காரலாம். ஆகவே துணைத் தலைவரான வீரமந்திரி தலைமை தாங்கினார். உத்தரவு ஒருமனதாக வந்தது. 14ஆம் தேதி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அடுத்த ஆண்டு மார்ச் 2ஆம் தேதி மாலையில் ஜெர்மனி, அமெரிக்காவில் மரண தண்டனை பெற்ற தன் நாட்டவர் லாகிராண்டுக்காக வழக்கோடு வந்தது. மறுநாளே அரிசோனாவில் தண்டனை. வாய்மொழி விசாரணைக்கு நேரமே இல்லை. 75ஆம் விதியின்படி யாரும் கேட்காமலே நீதிமன்றம் தானாக நடவடிக்கை விதிக்கலாம். அந்த விதியைப் பயன்படுத்தி ஒரு நாளுக்குள் உத்தரவு பிறந்தது. அப்போதும் தற்காலிகத் தலைவர் வீரமந்திரி. வாஷிங்டனில் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர், இத்தகைய உத்தரவு கட்டுப்படுத்தாது என்று தன் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். தண்டனை அன்றே நடந்தது.

ஜெர்மனி வழக்கைக் கைவிடவில்லை. 2001 ஜூன் 27இல் தீர்ப்பு வந்தபோது நீதிமன்றம் முதல்முறையாக இடைக்கால உத்தரவு கட்டுப்படுத்தும் என்றது. இரு மொழி வாசகங்களும் ஒத்துவராதபோது ஒப்பந்தத்தின் நோக்கத்தைப் பார்க்க வேண்டும். தகராற்றைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பால் முடிப்பதே நீதிமன்றத்தின் நோக்கம். இடையில் அதைக் குலைக்க விட்டால் நோக்கம் நிறைவேறாது. 1993இல் ஒரு தனிக் கருத்துரை எடுத்த பாதையோடு இந்தப் பாதை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது இரண்டையும் அருகருகே வைத்தால் தெரியும். வீரமந்திரி அதற்குள் ஓய்வு பெற்று ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. அவரே தலைமை வகித்து இரண்டு முறை பயனின்றிப்போன உத்தரவுகள், அவர் இல்லாத அவையில் பல் முளைத்தன.

தனிக் கருத்துரை எழுதுவதில் என்னென்ன தவறும் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதுபோல் ஒவ்வொரு நீதிபதிக்கும் தனிச் சட்ட உதவியாளர் அந்த நாளில் கிடையாது. முதல் வாசிப்பு முடிந்து குறித்த நாளுக்குள் கருத்துரையை ஒப்படைக்க வேண்டும். ஏன் அந்த நாள்? பெரும்பான்மையினர் எதிர்வாதத்தைப் படித்து, இரண்டாம் வாசிப்பில் தங்கள் வரைவைப் பலப்படுத்திக்கொள்ளவோ திருத்தவோ இடம் வேண்டும். அங்கேதான் சிக்கல். நீங்கள் தாக்கிய பத்தியையே அவர்கள் மாற்றிவிடலாம், பத்தி எண் நகர்ந்துவிடலாம், ஒரு சொல் மட்டும் மாறி உங்கள் வாதம் காற்றில் நிற்கலாம். கடைசி வரைவோடு ஒவ்வொரு குறிப்பையும் ஒத்துப் பார்க்காத கருத்துரை, இல்லாத தீர்ப்போடு சண்டை போடும். நீளம் இன்னொரு ஆபத்து. மொழிபெயர்ப்பாளர்கள் மீது பாரம். படிப்பவர் பாதியில் விடுவார். தீர்ப்பின் முடிவோடு தொடர்பில்லாத அறிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த நீதிமன்றம் அதை எடுத்தாளாது.

வீரமந்திரியின் எழுத்தில் நீளம் உண்டு. அணு ஆயுதப் பயன்பாடு சட்டத்துக்கு உட்பட்டதா என்று ஐ.நா. பொதுச்சபை கேட்டதற்கு நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்து, 1996 ஜூலை 8, அறிக்கைத் தொகுதியில் 226ஆம் பக்கத்தில் தொடங்கி 267இல் முடிகிறது. அவருடைய எதிர்க் கருத்துரை 429இல் தொடங்கி 555 வரை போகிறது. நீதிமன்றத்தைப்போல் மூன்று மடங்கு. ஆனால் அந்த நீளத்துக்குக் காரணம் இருந்தது. பதினைந்தில் ஒருவர் முந்தைய ஆண்டே இறந்துவிட்டதால் பதினான்கு பேர் அமர்ந்தார்கள். அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டத்துக்கு முரண், ஆனால் ஒரு நாடு உயிர்பிழைப்பதே கேள்வியாகும் உச்சநிலைத் தற்காப்பில் சட்டமா சட்டவிரோதமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்ற வாசகம் 7க்கு 7 என்று நின்று, தலைவர் முகமது பெஜாவியின் தீர்க்கும் வாக்கால் நிறைவேறியது. எதிராக வாக்களித்த ஏழு பேரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. ஷஹாபுதீன், வீரமந்திரி, கொரோமா மூவருக்கும் அந்த ‘ஆனால்’ வேண்டியிருக்கவில்லை. எந்தச் சூழலிலும் சட்டவிரோதம் என்பதே அவர்கள் நிலை. வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்து எழுதும் செய்திகள் இதில் அடிக்கடி தடுமாறும்.

எந்தச் சூழலிலும் என்று சொல்ல, ஆயுதம் என்ன செய்கிறது என்று முதலில் நிறுவ வேண்டும். ஆகவே அவர் சட்டத்துக்கு முன் விளைவுகளை எழுதினார்: வெடிப்பழுத்தம், வெப்பம், கதிர்வீச்சு, பிறவிக் குறை, பயிர், உணவு உற்பத்தி, மின்காந்தத் துடிப்பு, எல்லை தாண்டும் சேதம், அணுக்குளிர்காலம், பிறக்காத தலைமுறை. அடுத்து ஒவ்வொரு விளைவையும் போர்ச் சட்டத்தின் ஒரு விதியோடு முடிச்சுப் போட்டார். தேவையற்ற துன்பம், பொதுமக்களையும் போராளியையும் பிரித்தறிதல், நடுநிலை நாட்டுக்குச் சேதம், நச்சு. அதற்கு அடுத்துதான் நாகரிகங்கள் வருகின்றன: 1139இல் லாத்தரான் திருச்சபைக் கூட்டம் குறுக்குவில்லை விலக்கியது, மனு நச்சு அம்பை விலக்கியது, மகாபாரதத்தில் அர்ச்சுனன் பாசுபதத்தை எடுக்காமல் விட்டது. இவற்றை அலங்காரம் என்று குறைகூறியவர்கள் உண்டு. அந்தக் குறையில் ஒரு பகுதி நியாயம். காவியச் சம்பவத்துக்கும் 38ஆம் உறுப்பு சொல்லும் பொதுச் சட்டக் கோட்பாட்டுக்கும் இடையே இன்னும் ஒரு படி தேவைப்படுகிறது. ஆனால் 9ஆம் உறுப்பு உலகின் முக்கிய நாகரிக வடிவங்கள் நீதிபதிகள் அவையில் இருக்க வேண்டும் என்கிறது. நாகரிகங்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பேசாதே என்று சொல்ல முடியாது. இது வெறும் நியமன விதி அல்ல, பணி விதி என்று அவர் எடுத்துக்கொண்டார். அது சரியான வாசிப்பு.

அந்தப் படி முழுமையாகக் கட்டப்பட்ட இடம் காப்சிகோவோ வழக்கு. 1977இல் ஹங்கேரியும் செக்கோஸ்லோவாக்கியாவும் டானியூப் ஆற்றில் தொடர் அணை கட்ட ஒப்பந்தம் செய்தன. 1989இல் சுற்றுச்சூழல் பயத்தில் ஹங்கேரி வேலையை நிறுத்தியது. 1992 அக்டோபரில் மறுபக்கம் தன் நிலத்திலேயே ஆற்றைத் திருப்பிவிட்டது. 1997 ஏப்ரலில் நீதிபதிகள் ஆற்றங்கரைக்கே போய்ப் பார்த்தார்கள். நீதிமன்ற வரலாற்றில் அதுவே முதல் கள ஆய்வு. செப்டம்பர் 25 தீர்ப்பு, இரு தரப்பும் தவறியதாகச் சொன்னது. நிலைத்த வளர்ச்சி என்பதை ஒரு ‘கருத்து’ என்று குறிப்பிட்டது. வீரமந்திரி அந்தச் சொல்லில் நின்றார். கருத்து அல்ல, கட்டுப்படுத்தும் கோட்பாடு. அதுவும் புதிதல்ல என்றார்.

புதிதல்ல என்பதை நிறுவ இலங்கைக் குளங்களை எடுத்தார். எடுத்த விதத்தைக் கவனியுங்கள். பெருமை பேசவில்லை, உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். பெரிய குளத்துக்கு மேலே மண்தங்கு குட்டைகள்: வண்டல் பெருங்குளத்தில் விழுமுன் அங்கே தங்கும், தூர்வாருவது எளிது. ஊர்க்குளத்துக்கு மேலே காட்டுக்குள் காட்டுக்குளம்: பாசனத்துக்கு அல்ல, காட்டு விலங்குகள் நீர் குடிக்க. ஆழத்தில் நீரழுத்தத்தை அடக்கித் திறக்கும் மதகுக் கிணறு. வானம் தரும் நீரில் சிறிதும் மனிதனுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்ற 12ஆம் நூற்றாண்டுப் பராக்கிரமபாகுவின் கொள்கை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மகிந்த தேரர், நிலத்துக்கு அரசன் உடைமையாளன் அல்லன், காவலன் மட்டுமே என்று மன்னன் தேவநம்பியதீசனிடம் சொன்னது. ஒவ்வொரு உறுப்பும் ஒரு சட்ட வாக்கியமாகிறது: மண்தங்கு குட்டை முன்னெச்சரிக்கை, காட்டுக்குளம் பிற உயிர்களின் பங்கு, காவலன் என்பது எதிர்காலத் தலைமுறைக்கான பொறுப்பு. குளமும் கலிங்கும் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்தால் பொறியாளர் எழுதியதா என்று நினைப்பார்கள். தான்சானியாவின் சாகா, சோன்ஜோ மக்களின் கால்வாய்களும் ஈரானின் கனாத் சுரங்கங்களும் அதே முறையில் வருகின்றன. அர்ச்சுனன் கதை செய்ய முடியாத வேலையை மண்தங்கு குட்டை செய்தது. செயல்படுத்தப்பட்ட நடைமுறை என்பதால்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டுமானத்துக்கு முன் ஒருமுறை செய்து முடிக்கிற தாள் அல்ல, திட்டம் ஓடும் வரை தொடர வேண்டியது என்றும் அதே கருத்துரையில் எழுதினார். 2010இல் உருகுவே ஆற்றுக் காகிதக்கூழ் ஆலை வழக்கில், எல்லை தாண்டிச் சேதம் வரக்கூடிய திட்டத்துக்கு அந்த மதிப்பீடு பொதுச் சர்வதேசச் சட்டக் கடமை என்றும், செயல்படும் காலம் முழுவதும் கண்காணிப்பு தொடர வேண்டும் என்றும் நீதிமன்றமே சொன்னது.

1999 கோசோவோப் போரின்போது நேட்டோ நாடுகள் மீது யூகோஸ்லாவியா தொடுத்த வழக்குகளிலும் அவரே தற்காலிகத் தலைவர். பெல்ஜியத்துக்கு எதிரான வழக்கில் 12க்கு 4 என்று இடைக்கால உத்தரவு மறுக்கப்பட்டது. எதிர்த்த நால்வரில் ஒருவர் தலைமை வகித்த அவரே. தான் எதிர்த்த உத்தரவைத் தலைமை நாற்காலியிலிருந்து நிறைவேற்றிவிட்டு, பிறகு எதிர்க் கருத்துரையை இணைப்பது எளிய வேலை அல்ல. அதே ஆண்டு டிசம்பரில் போட்ஸ்வானாவுக்கும் நமீபியாவுக்கும் இடையே ஆற்றுத்தீவு வழக்கில், அங்கே பயிரிட்ட மசூபியா மக்களின் வழக்கத்தை முன்வைத்து எழுதிய எதிர்க் கருத்துரையே அவர் பதவிக்காலத்தின் கடைசிப் பெரிய எழுத்து.

ஓய்வுக்குப் பின் கொழும்பில் அமைதிக் கல்வி மையம் ஒன்றை நிறுவினார். 2006இல் யுனெஸ்கோ அமைதிக் கல்விப் பரிசு, 2007இல் ரைட் லைவ்லிஹூட் விருது. 2017 ஜனவரி 5இல் மறைந்தார். அந்த ஆண்டு ஜூலையில் 122 நாடுகள் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கு வாக்களித்தன.

அவருடைய பக்கங்கள் முதலில் வேலைசெய்யத் தொடங்கியது அவர் பிறந்த நாட்டிலேயே. இலங்கையின் எப்பாவலவில் பாஸ்பேட் படிவு இருக்கிறது. அதை அமெரிக்க நிறுவனத்துக்கு முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுக்க அரசு தீர்மானித்தபோது, அங்கே நெல்லும் தென்னையும் பயிரிட்ட குடிகளும் ஊர் விகாரையின் தலைமைப் பிக்குவும் அடிப்படை உரிமை மனுவோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஜய கங்கை, அந்தப் பழைய கால்வாய், திட்டப் பகுதிக்குள் வந்தது. 2000 ஜூன் 2இல், அவர் ஹேக்கைவிட்டு வந்த நான்காம் மாதத்தில், நீதியரசர் அமரசிங்க தீர்ப்பு எழுதினார். காப்சிகோவோ தனிக் கருத்துரையையும், அரசன் காவலன் என்ற மகிந்தரின் சொல்லையும் மேற்கோளாக எடுத்துக்கொண்டார். படிவை முழுமையாக ஆராய்ந்து, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை உரிய சட்டப்படி முடிக்கும்வரை எந்த ஒப்பந்தமும் செய்யக் கூடாது என்று அரசுக்கு உத்தரவிட்டார். எப்பாவலவில் அந்தச் சுரங்கம் வெட்டப்படவில்லை.